'மறுபடியும் கீறணுமாம்... பொழைப்பேனா சாமி?' - தேவாரம் அம்மாச்சி கேட்ட ஒரு கேள்வி!

தேவாரத்தில் விடிவதற்கு முன்பே ஜீப் சத்தம் கேட்டுவிடும். தூக்குவாளியும் தலையில் கட்டிய துண்டுமாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஜீப்புகள். அந்தச் சத்தத்துக்கே எழுந்து பழகியவர் அந்த அம்மாச்சி. வயது 73. மலைக்குப் போவதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. ஆனாலும் ஜீப் போகும் நேரத்துக்குக் கண் திறந்துவிடும்.

இந்த வைகாசியில் ஒருநாள், எழுந்தவர் நடக்காமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முதல் நாலு எட்டு வைப்பதற்குள் இடது தொடையில் உயிர் போகிற வலி. நாலு எட்டு தாண்டினால் குறைந்துவிடுகிறது. "காலு மரத்துப் போயிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று மகளிடம் சொன்னார். மகள் நம்பவில்லை. ஏனென்றால் அந்த இடது இடுப்புக்குள் இருப்பது அவர் பிறந்தபோது இருந்த மூட்டு அல்ல.

2009-ல் நடந்தது அது. ஏலச்செடிகளுக்கு நடுவே ஈரச் சரிவில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. அது முறிவு என்றே முதலில் யாருக்கும் தெரியவில்லை. நாட்டு வைத்தியரின் எண்ணெய்க் கட்டோடு மூன்று மாதம் படுத்துக் கிடந்தார். அதற்குள் எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று, உடைந்த இடம் ஒட்டவே இல்லை. மதுரைக்குக் கொண்டுபோனபோது, "பந்துகிண்ண மூட்டையே மாத்தணும்" என்றார்கள். அப்போது வயது 57. மாற்றிய ஆறாவது வாரம் ஊர்ச் சந்தைக்கு நடந்து போனார். தெருவில் அவருக்கு 'இரும்பு இடுப்பு' என்று பேரே வந்துவிட்டது.

உண்மையில் அது முழுக்க இரும்பு இல்லை. இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம், அதற்குள் கெட்டியான பிளாஸ்டிக் உறை, அந்த உறைக்குள் சுழல ஓர் உலோகப் பந்து, பந்தைத் தாங்கத் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையின் ஜான் சார்ன்லி 1962-ல் இந்த உலோகப் பந்து - பிளாஸ்டிக் கிண்ணம் ஜோடியைச் செய்து காட்டிய பிறகுதான் இடுப்பு மாற்று சிகிச்சை உலகம் முழுக்கப் பரவியது. அறுபது ஆண்டுகளில் எத்தனையோ திருத்தங்கள் வந்தும் அடிப்படை இன்னும் அதேதான்.

சிக்கலும் அந்த ஜோடியிலேயே இருக்கிறது. ஒவ்வோர் எட்டுக்கும் பந்து பிளாஸ்டிக்கின்மேல் உரசுகிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. அந்நியப் பொருள் என்று நினைத்து உடம்பு அவற்றைத் தின்று தீர்க்கப் பார்க்கிறது. அந்தச் சண்டையில் அரிபடுவது, பக்கத்தில் இருக்கும் சொந்த எலும்பு. எலும்பு கரையக் கரைய, கிண்ணமோ தண்டோ பிடிமானம் இழந்து ஆடத் தொடங்குகிறது. உட்கார்ந்து எழுந்ததும் முதல் நாலு எட்டில் குத்துகிற வலி, அப்படி ஆடுகிற மூட்டின் அடையாளங்களில் ஒன்று.

இதில் அம்மாச்சியின் தப்பு ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளைத் தொகுத்து 2019-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, வைத்த மூட்டு 25 ஆண்டுகள் தாங்குவது 100-ல் சுமார் 58 பேருக்கு. 15 ஆண்டுகள் தாங்குவது 89 பேருக்கு. 16 வருஷம் மாடு மேய்த்து, கடலை பிடுங்கி, மாடிப்படி ஏறி வத்தல் காயப்போட்ட இடுப்பு அது. முதல் மாற்றத்தின்போது வயது எவ்வளவு குறைவோ, மறுபடி மாற்ற வேண்டி வரும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். எழுபதைத் தாண்டிச் செய்துகொண்டவர்களில் ஆயுளுக்குள் இரண்டாம் முறை தேவைப்படுவது சுமார் 5 சதவிகிதம் பேருக்குத்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களில் அது 35 சதவிகிதம் வரை போகிறது என்கிறது 2017-ல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வு.

மதுரையில் எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு மருத்துவர், அம்மாச்சியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, திருப்பூரிலிருந்து வந்திருந்த மகனை உள்ளே கூப்பிட்டார். கிண்ணம் ஆடுகிறது, சுற்றிலும் எலும்பு கரைந்திருக்கிறது, பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும் என்றார். "வயசாயிருச்சு, சுகர் வேற இருக்கு, கொஞ்சம் ரிஸ்க்தான். குடும்பத்துல கலந்து பேசிட்டு வாங்க."

'ரிஸ்க்' என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மகன் வாடகை காரில் உசிலம்பட்டி தாண்டுவதற்குள் முடிவெடுத்துவிட்டார். வேண்டாம். இருக்கிற வரைக்கும் வாக்கர் வைத்து நடக்கட்டும். மேஜையிலேயே ஏதாவது ஆகிவிட்டால், கையெழுத்துப் போட்டவன் என்ற பேர் காலத்துக்கும் நிற்கும். பின் சீட்டில் சாய்ந்திருந்த அம்மாச்சி, "டாக்டரு என்ன சொன்னாரு?" என்று இரண்டு தடவை கேட்டார். "ஒண்ணுமில்லம்மா, மாத்திரை குடுத்திருக்காரு." நம் வீடுகளில் அன்பு பல சமயம் இப்படித்தான் பொய் சொல்கிறது!

தேனியில் கல்லூரி படிக்கும் பேத்திக்கு அது பிடிக்கவில்லை. அன்று ராத்திரி போனை எடுத்துத் தேடத் தொடங்கினாள். 'இடுப்பு மூட்டு', 'மரணம்' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துத் தட்டினால் முதலில் வந்து நிற்கும் இந்தியச் செய்தி எதுவோ, அதுவே அவளுக்கும் வந்தது. ஏ.எஸ்.ஆர். விவகாரம்.

ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிப்யூ நிறுவனத்தின் இடுப்பு மூட்டு அது. பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். பிளாஸ்டிக் தேயும் தொல்லை இருக்காது என்பது எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. சுற்றியிருந்த தசை அழுகியது. ஐந்தே ஆண்டுகளில் எட்டில் ஒருவருக்கு மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படுவதாக இங்கிலாந்துப் பதிவேடு காட்டியது. 2010 ஆகஸ்ட்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது.

மத்திய சுகாதாரத் துறை, டாக்டர் அருண் அகர்வால் தலைமையில் குழு அமைத்தது 2017-ல். அதாவது, திரும்பப் பெற்று ஏழாவது ஆண்டில். 2018-ல் அந்த அறிக்கை வெளியே வந்தபோது நாட்டையே உலுக்கிய விஷயம், சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்பது. பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது 20 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது குழு. பிறகு வயதையும் ஊனத்தின் அளவையும் வைத்து 30 லட்சம் முதல் 1.23 கோடி வரை என்று அரசு கணக்குச் சொன்னது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2019 மே மாதம், மறு அறுவை சிகிச்சை செய்துகொண்டதாகச் சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் தர முன்வந்தது. 4,700 எங்கே, 67 எங்கே!

படிக்கப் படிக்கப் பேத்திக்கு வியர்த்தது. அம்மாச்சிக்கு மூட்டு வைத்த 2009, அந்தக் கிண்ணம் இந்தியாவில் புழங்கிய காலத்துக்குள் வருகிறது. உள்ளே இருப்பது அதுவாக இருந்தால்?

மறுநாள் அந்தப் பழைய மருத்துவமனைக்குப் போன் செய்தாள். அவ்வளவு பழைய ரெக்கார்டு இப்போது இல்லை என்றார்கள். அம்மாச்சிதான் கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியைக் காட்டினார். நிலத்துப் பட்டா, பழைய ரேஷன் கார்டு, தாத்தாவின் இறப்புச் சான்றிதழ். அதற்கும் கீழே மஞ்சள் பையில் சுருட்டி வைத்த 2009-ம் வருஷத்து டிஸ்சார்ஜ் காகிதங்கள். கடைசித் தாளில் நான்கு சின்ன ஸ்டிக்கர்கள். கிண்ணம், உறை, பந்து, தண்டு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. நிறுவனத்தின் பெயர், மாடல், அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருந்தன. இல்லை, அது இல்லை. பிளாஸ்டிக் உறையுள்ள வழக்கமான மூட்டு.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், 'டாக்டரு குடுத்த காயிதம்' என்பதற்காகவே 16 வருஷம் எலி கடிக்காமல் வைத்திருந்தார். அந்த 3,600 பேரின் ஸ்டிக்கர்கள் எந்தப் பெட்டியில் கிடக்கின்றனவோ! இந்திய இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்கள் சங்கம் 2006-லிருந்து ஒரு பதிவேடு நடத்துகிறது. ஆனால், அதில் விவரம் தருவது மருத்துவர்களின் விருப்பம். சட்டக் கட்டாயம் இல்லாதவரை, நோயாளியின் தகரப் பெட்டிதான் நம் ஊர்ப் பதிவேடு. அந்த ஸ்டிக்கர் இன்னொரு வகையிலும் உதவுகிறது. உள்ளே இருப்பது எந்த மாடல், எந்த அளவு என்று முன்கூட்டியே தெரிந்தால், எல்லாவற்றையும் பிடுங்காமல் ஆடுகிற பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று மருத்துவர் யோசிக்க முடியும்.

ஒரு பயம் தீர்ந்தது. பெரிய பயம் அப்படியே இருந்தது. இரண்டாம் முறை கீறினால் உயிருக்கு எவ்வளவு ஆபத்து?

முதல் முறை செய்யும்போது ஆபத்து மிகக் குறைவு. இங்கிலாந்து, வேல்ஸில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்தபோது, 90 நாள்களுக்குள் இறந்தவர்கள் 2003-ல் 0.56 சதவிகிதம். 2011-ல் அது 0.29 சதவிகிதமாகக் குறைந்திருந்தது. ஆயிரத்துக்கு மூன்று பேர். முழு மயக்கத்துக்குப் பதில் முதுகில் ஊசி போட்டுச் செய்தவர்களிடமும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்கப்பட்டவர்களிடமும் இறப்பு இன்னும் குறைவாகவே இருந்தது.

மறு அறுவை சிகிச்சை அப்படியில்லை. புது எலும்பில் புது மூட்டு வைப்பது காலி மனையில் வீடு கட்டுவது போல. இதுவோ, இருக்கிற வீட்டை அஸ்திவாரத்தோடு பெயர்த்துவிட்டு அதே மனையில் கட்டுவது. பழைய தழும்புக்குள் வெட்டிப் போக வேண்டும். இறுகிப்போன தண்டை எலும்பு பிளக்காமல் எடுக்க வேண்டும். கரைந்த இடத்தை வேறு எலும்பாலோ உலோகத்தாலோ நிரப்ப வேண்டும். நேரம் கூடும், ரத்த இழப்பு கூடும், கிருமி நுழையும் வாய்ப்பு கூடும், புதுப் பந்து கிண்ணத்திலிருந்து நழுவும் வாய்ப்பும் கூடும். நோயாளிக்கும் இதற்குள் பத்துப் பதினைந்து வயது கூடியிருக்கும். எல்லாம் சேர்த்து, 90 நாள்களுக்குள் உயிரிழப்பு 100-க்கு ஒருவர், இருவர் என்ற அளவில் இருக்கிறது.

ஆனால், அந்தச் சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தேவாரத்தில் மழை என்று கேட்டுவிட்டுத் தேனியில் குடை பிடிக்கிற கதைதான். எதற்காக மறுபடி செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறிவிடுகிறது. வெறுமனே தளர்ந்துபோன மூட்டை, நாள் குறித்து, உடம்பைத் தயார் செய்து மாற்றினால் ஆபத்து இருப்பதிலேயே குறைவு. மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் வேறு கதை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டைத் தற்காலிகமாக வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து மறுபடி திறக்க வேண்டியிருக்கும். அப்படிக் கிருமி தாக்கிய மூட்டுக்காரர்களில் ஐந்தாண்டுக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்துபோவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

மூன்றாவதுதான் மோசம். ஆடுகிற மூட்டோடு நடந்து, ஒருநாள் விழுந்து, தண்டைச் சுற்றியுள்ள எலும்பே உடைந்துவிடுவது. அப்போது நாள் குறிக்க நேரமில்லை, சர்க்கரையைக் கட்டுப்படுத்த நேரமில்லை. ஓராண்டுக்குள் சுமார் பத்தில் ஒருவர் போய்விடுகிறார்.

பேத்தி இதை மாமாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். எதிர்முனையில் கொஞ்ச நேரம் தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. "அப்ப, செய்யாம விட்டாலும் ரிஸ்க்தான்ங்கிற?"

"ஆமா மாமா. செய்யுற ரிஸ்க்க மட்டும்தான் அன்னிக்கு நம்ம கேட்டுட்டு வந்தோம்."

இரண்டாம் முறை மதுரைக்குப் போனபோது அம்மாச்சியும் உள்ளே போனார். வெளியே உட்காரச் சொன்னபோது நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "என் இடுப்புத்தான சாமி? நானும் கேக்குறேன்." மருத்துவர் சிரித்துவிட்டார். அம்மாச்சி சிரிக்கவில்லை. "மறுபடியும் கீறணும்கிறீக. நான் பொழைப்பேனா, மாட்டேனா? மறைக்காமச் சொல்லுங்க."

அந்த மருத்துவரைப் பாராட்ட வேண்டும். 'எல்லாம் ஆண்டவன் கையில்' என்று நழுவவில்லை. "உங்கள மாதிரி நூறு பேருக்குச் செஞ்சா, மூணு மாசத்துக்குள்ள ஒருத்தர் தவறலாம். மிஞ்சிப்போனா ரெண்டு பேர். உள்ள கிருமி இல்லன்னாதான் இந்தக் கணக்கு. அத முதல்ல பாத்துருவோம். சுகரையும் ரத்தத்தையும் சரி பண்ணிட்டு வந்தீங்கன்னா அந்த ஒருத்தரா நீங்க இல்லாம இருக்க வாய்ப்பு கூடும்."

"மத்த தொண்ணூத்தெட்டு பேரும் நடப்பாகளா?"

"பெரும்பாலும் நடப்பாங்க. முதல் தடவ மாதிரி ஓடியாட முடியாது. கையில ஒரு கம்பு வேண்டியிருக்கும். கீழ சம்மணம் போட்டு உக்காரவே கூடாது."

அம்மாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: "முப்பது வருசம் மலைக்கு ஜீப்புல போனேன். எட்டுப் பேரு ஏறுற வண்டில பதினாறு பேரு. ஒவ்வொரு வளைவுலயும் பள்ளம் தெரியும். அன்னிக்கு யாருடா என்கிட்ட பர்சன்ட் சொன்னா? இவரு சொல்றாருல்ல."

மகனிடம் பதில் இல்லை. தேனி மாவட்டத்தில் தோட்டத் தொழிலாளர் ஜீப் கவிழ்ந்த செய்தியைப் படித்து வளர்ந்த யாரிடமும் அதற்குப் பதில் இருக்காது.

அடுத்தடுத்துச் சோதனைகள். ரத்தத்தில் சிஆர்பி, இஎஸ்ஆர் அளவுகள் பார்த்தார்கள். மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்தும் பரிசோதித்தார்கள். கிருமி இல்லை. ஆனால் ஹீமோகுளோபின் ஒன்பதுக்கும் கீழே இருந்தது. இந்த ரத்தத்தோடு மேஜையில் ஏற்ற மாட்டேன் என்று மயக்க மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொத்தைப் பல் ஒன்றையும் எடுக்கச் சொன்னார்கள். வாயில் இருக்கும் கிருமி ரத்தம் வழியாக மூட்டுக்குப் போய்விடக் கூடாதாம்.

இந்த இடத்தில் ஊர்ச் சம்பிரதாயமும் மருத்துவமும் அபூர்வமாக ஒத்துப்போயின. "ஆடி கழியட்டும், ஆவணியில பாத்துக்குவோம்" என்றார் அம்மாச்சி. தாராளமாக என்றார் மருத்துவர். ஆடி முழுக்க இரும்புச்சத்து ஊசி, முருங்கைக்கீரை, முட்டை, சர்க்கரைக்கு மருந்து மாற்றம் என்று போனது. தெருவில் இதற்குள் ஆளுக்கொரு கதை. "இங்கிலாந்து ராணியோட அம்மா 95 வயசுல ஒண்ணு, 97 வயசுல ஒண்ணுன்னு ரெண்டு தடவ மாத்தி, 101 வரைக்கும் இருந்தாகளாம்" என்று பக்கத்து வீட்டு வாத்தியார் தைரியம் சொன்னார். தகவல் உண்மைதான். ஆனால், அந்த அம்மையார் மாற்றிக்கொண்டது ஒரு பக்கத்தை 1995-லும், மறுபக்கத்தை 1998-லும். இரண்டுமே முதல் முறை. ஒரே இடுப்பை இரண்டாம் முறை திறப்பதோடு அதை ஒப்பிட முடியாது. பேத்தி இதை வாத்தியாரிடம் சொல்லவில்லை. நல்ல மனசோடு சொன்ன ஆறுதல், இருந்துவிட்டுப் போகட்டும்!

பணக் கணக்கு தனிக் கதை. முழங்கால் மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது. இடுப்பு மூட்டுக்கு அப்போது வைக்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் மகளின் இரண்டு பவுனும் மகன் வாங்கிய கைமாற்றும் சேர்ந்துதான் சமாளித்தன.

ஆவணியில், அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் சாயங்காலம் சம்மதப் படிவம் வந்தது. நர்ஸ் வழக்கம்போல மகனிடம் நீட்டினார். மகன் அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். பேத்தி வரி வரியாக வாசித்தாள். ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போகலாம், மாரடைப்பு வரலாம், கிருமி தாக்கலாம், மூட்டு நழுவலாம், உயிரிழப்பு நேரலாம். 'உயிரிழப்பு' வந்தபோது குரல் கம்மியது. "நிறுத்தாத தாயி, முழுசாப் படி" என்றார் அம்மாச்சி. நூறு நாள் வேலையில் கையெழுத்துப் போடக் கற்றிருந்தார். கைநாட்டு மை டப்பாவைத் தள்ளிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக, கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியபடி தன் பெயரை எழுதினார்.

முதுகில் ஊசி போட்டு நாலு மணி நேரம் ஆனது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். தண்டு இறுக்கமாகவே இருந்ததால் அதை விட்டுவிட்டு, கிண்ணத்தையும் உறையையும் பந்தையும் மாற்றினார்கள். பழைய ஸ்டிக்கரால் கிடைத்த லாபம் அது. ஒரு ராத்திரி ஐசியு. இரண்டாம் நாள் வாக்கரில் எழுந்து நிற்க வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வயிற்றில் ஊசி. படுத்திருக்கும்போதெல்லாம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார்கள். அம்மாச்சி அதற்கு 'தையல் மெஷின் மிதிக்கிறது' என்று பேர் வைத்தார்.

முதல் 90 நாள்கள்தான் கவனம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, தையல் போட்ட இடம் சிவந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. தேவாரத்து வீட்டில் கட்டில் உயரத்தை இரண்டு செங்கல் வைத்துக் கூட்டியிருக்கிறார்கள். கழிவறைக்கு உயரமான நாற்காலி வந்திருக்கிறது. புது ஸ்டிக்கர்களின் படம் மகன், மகள், பேத்தி மூன்று பேர் போனிலும் இருக்கிறது. அசல் தகரப் பெட்டியில், பழைய மஞ்சள் பைக்குள்.

சுவரில் தொங்கும் காலண்டரில் பேத்தி ஒவ்வொரு நாளையும் பேனாவால் அடித்துக்கொண்டு வருகிறாள். தொண்ணூறாவது நாள் கார்த்திகையில் வருகிறது. இன்றைக்கு அறுபத்து நான்கு. காலையில் ஜீப் சத்தத்துக்கு எழுந்த அம்மாச்சி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய், மழையில் நனைந்தபடி ஜீப்பில் ஏறுகிறவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். முதல் நாலு எட்டில் வலி இல்லை என்று மகளிடம் சொன்னார்.